வெளிநாட்டுச் சம்பளத்தைப் பெருக்கிப் பார்க்காதீர்கள்: கிளம்பும் முன் போடவேண்டிய கணக்கு

வெளிநாட்டு வேலைக்கு ஆஃபர் வந்த அன்று ராத்திரி எல்லோரும் செய்கிற முதல் காரியம், போனில் மாற்று விகிதத்தைப் பார்த்துச் சம்பளத்தை அதால் பெருக்குவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். பெருக்கி வந்த தொகையை மனதில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய் இறங்கி, முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால், ஒப்பந்தத்தில் இருந்த எண்ணுக்கும் வங்கியில் விழுந்த எண்ணுக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு என்று வரிவரியாகச் சீட்டிலேயே இருந்தது. கிளம்பும் முன் நான் பார்க்காமல் விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தெரிந்தவர்கள் யார் ஆஃபரோடு வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவருகிறேன். சிலர் போனார்கள், சிலர் சம்பளத்தை உயர்த்திக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், இரண்டு பேர் போகவேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மூன்றுமே நல்ல முடிவுகள்தான், ஏனென்றால் கணக்கு தெரிந்து எடுத்தவை.

முழுக் கணக்கும் ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது. அங்கே செலவாகப்போகிற பணத்தை அந்த ஊர் விலையில் அளக்க வேண்டும். மிச்சமாகி ஊருக்கு வரப்போகிற பணத்தை மட்டும்தான் மாற்று விகிதத்தில் அளக்க வேண்டும். சம்பளம் முழுவதையும் மாற்று விகிதத்தில் பெருக்கினால், அங்கே வாடகையாகக் கொடுக்கப்போகிற பணத்தையும் ஊருக்குக் கொண்டுவந்து செலவழிப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். அந்தப் பணம் அந்த ஊரை விட்டு வெளியே வரப்போவதே இல்லை.

சரி, ஒரு தாளையோ எக்செல்லையோ எடுத்து இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இப்போது இருக்கும் ஊர், வலப்பக்கம் போகப்போகிற ஊர்.

முதலில் இடப்பக்கம்: இப்போதைய சம்பளத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள்

இதை எல்லோரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். உள்ளூர்ச் சம்பளம்தானே, தெரிந்ததுதானே என்ற எண்ணம். ஆனால் ஒப்பிடுவதில் பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது.

பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையை எழுதுங்கள். அதற்குக் கீழே, கைக்கு வராமல் உங்கள் பெயரில் சேர்கிற பணத்தை எழுதுங்கள்: வைப்பு நிதியோ ஓய்வூதியமோ, அதில் நிறுவனம் போடுகிற பங்கையும் சேர்த்து. வருடக் கடைசியில் வரும் போனஸைப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். நிறுவனம் கட்டுகிற மருத்துவக் காப்பீட்டையும் விடாதீர்கள்.

அப்புறம், பணமாகவே வராத வருமானம். சொந்த வீட்டில் இருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் கொடுக்காமல் இருக்கிற வாடகை உங்கள் வருமானம்தான், அதே மாதிரி வீடு அந்தத் தெருவில் என்ன வாடகைக்குப் போகிறதோ அதை எழுதுங்கள். குழந்தையை உங்கள் அம்மாவோ மாமியாரோ பார்த்துக்கொள்கிறார்களா? அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. பல நாடுகளில் முழுநாள் குழந்தைகள் காப்பகத்துக்கு ஆகும் செலவு வாடகையோடு போட்டி போடும். இந்த மாதிரி விஷயங்களை எழுதும்போது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும், அம்மா செய்வதற்கெல்லாம் விலை போடுகிறோமே என்று. ஆனால் அங்கே போனதும் அதற்கு விலை போட்டு ஒருவர் பில் நீட்டுவார், இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக மாதச் செலவை எழுதுங்கள். அதில் ஒரு விஷயத்தைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்: நீங்கள் கிளம்பிப் போனாலும் இங்கே நிற்காமல் ஓடப்போகிற செலவு எது? பெற்றோருக்குக் கொடுப்பது, கடன் தவணை, பூட்டிக் கிடந்தாலும் வீட்டுக்குக் கட்டவேண்டியது. இந்தத் தொகைக்குத் தனியாக வட்டம் போட்டு வையுங்கள். பின்னால் வலப்பக்கத்திலிருந்து இதைக் கழிக்கப்போகிறோம்.

வலப்பக்கம்: ஒப்பந்தத்தில் இருப்பது சம்பளம் இல்லை

ஆஃபர் கடிதத்தில் இருப்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை, அதுவும் பல நாடுகளில் வருடக் கணக்கில். அதைக் கைக்கு வரும் மாதத் தொகையாக மாற்றுவதுதான் இந்தக் கட்டத்தின் வேலை. இதைப் போட்டுக் கொடுக்கிற இணையக் கணக்கிகள் இருக்கின்றன: நாட்டின் பெயரோடு நிகரச் சம்பளக் கணக்கி (நெட் சாலரி கால்குலேட்டர்) என்று அந்த நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ தேடினால் கிடைக்கும். ஆனால் உள்ளே போடவேண்டிய விவரங்களைச் சரியாகப் போட வேண்டும். ஜெர்மனியில் ஆறு வரி வகுப்புகள் இருக்கின்றன. தனியாக இருப்பவர் முதல் வகுப்பு, கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் வருமானம் இருந்தால் அவர் மூன்றாம் வகுப்புக்குப் போகலாம், அதே சம்பளத்துக்குக் கையில் வருவது கணிசமாக மாறும். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்திருக்கிற பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. வருடா வருடம் வெளியிடுகிற சம்பள வரி அறிக்கையில் தனி ஆள், இரண்டு குழந்தைகள் உள்ள தம்பதி என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருப்பார்கள். உங்கள் நிலைமை எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வளைகுடாப் பக்கம் கதை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, ஒப்பந்தத்தில் இருப்பது ஏறக்குறைய அப்படியே கைக்கு வரும். ஆனால் அங்கே வேறொன்றைப் பார்க்க வேண்டும். மொத்தச் சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு? அமீரகத்தில் வேலையை விட்டுக் கிளம்பும்போது தருகிற பணிக்கொடை, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள் என்று கணக்கு, அது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். மொத்தம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு ஆஃபர்களில் ஒன்றின் அடிப்படைச் சம்பளம் மற்றதில் பாதியாக இருந்தால், பணிக்கொடையும் பாதிதான். வேலைக்கு வந்த வெளிநாட்டவருக்கு அந்த அரசின் ஓய்வூதியமும் கிடையாது, அதனால் வரி இல்லை என்று மிச்சமாவதில் ஒரு பங்கை நீங்களேதான் வயதான காலத்துக்கு ஒதுக்க வேண்டும். சவுதிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: 2017ல் ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய குடும்பத்தினர் கட்டணம் 2020ல் 400 ரியாலானது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். வரி இல்லாத நாட்டில் இது வரி மாதிரிதான்.

கட்டுமானம், வீட்டு வேலை, ஓட்டுநர் வேலைகளுக்குப் போகிறவர்கள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து அடிப்படைக் கூலி மாதம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. தங்குமிடம் கொடுக்காவிட்டால் இன்னும் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300 சேர்த்துத் தர வேண்டும். ஆக, தங்குமிடமும் சாப்பாடும் இல்லாமல் "மாதம் 1,800" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அது பெரிய சம்பளம் இல்லை, சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய அடிமட்டம். இன்னொன்று: ஆள் சேர்ப்புக் கட்டணத்தை வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையின் நிலைப்பாடு. எல்லா நாடுகளும் அதில் கையெழுத்திடவில்லை, நடைமுறையில் வாங்கவும் செய்கிறார்கள். கேட்டால் அந்தத் தொகையையும் வட்டியையும் கணக்கில் சேருங்கள், சேர்த்த பிறகும் கணக்கு நிற்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் வாங்கப்போகிற சம்பளம் அந்த ஊரில் நல்ல சம்பளமா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையும், ஜெர்மனியில் மத்திய வேலைவாய்ப்பு முகமையும், பிரிட்டனில் தேசியப் புள்ளிவிவர அலுவலகமும் தொழில்வாரியாகச் சம்பளங்களை வெளியிடுகின்றன. சராசரியைப் பார்க்காமல் இடைநிலைச் சம்பளத்தைப் பாருங்கள், அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவது. சராசரியை மேலே இருக்கிற நாலு பேர் இழுத்துவிடுவார்கள். உங்கள் ஆஃபர் அந்த இடைநிலைக்கு ரொம்பக் கீழே இருந்தால், வாடகைச் சந்தையில் உங்களோடு வீடு தேடப்போகிறவர்கள் எல்லோரும் உங்களைவிட அதிகமாகக் கொடுக்க முடிந்தவர்கள் என்று அர்த்தம்.

விலைவாசி: குறியீட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்

வாங்கும் திறன் சமநிலை என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுவீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குஸ்தாவ் காசல் 1918ல் வைத்த பெயர். ஒரே பொருள் இரண்டு நாட்டில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்து, அதை வைத்துப் பணத்தை ஒப்பிடுவது. இப்படி ஒப்பிடுவதற்காக 1968ல் தொடங்கிய சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தை இப்போது உலக வங்கி நடத்துகிறது, 2021ஆம் ஆண்டுக்கான முடிவுகள் 2024 மே மாதம் வந்தன. தி எக்கனாமிஸ்ட் பத்திரிகை 1986லிருந்து பிக் மேக் பர்கர் விலையை வைத்து இதையே எளிமையாகச் செய்துவருகிறது.

இந்த எண்ணை முதல் பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அது நாடு முழுமைக்குமான சராசரி, நீங்கள் போகப்போவது ஒரு ஊருக்கு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு செல்போன் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விலை, ஏனென்றால் அது கப்பலிலும் விமானத்திலும் போய்விடும். முடிவெட்டுவது அப்படியில்லை, அதை ஏற்றுமதி செய்ய முடியாது, அந்த ஊர் ஆளின் கூலிதான் அதன் விலை. கூலி உயர்ந்த நாட்டில் மனித உழைப்பு சேர்கிற எல்லாமே விலை கூடும்: குழாய் ரிப்பேர், குழந்தை பராமரிப்பு, வெளியே சாப்பிடுவது, டாக்சி, வீட்டு வேலைக்கு ஆள். உங்கள் இப்போதைய வாழ்க்கையில் ஆள் வைத்துச் செய்கிற வேலைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நிறைய இருந்தால், எந்தக் குறியீடு சொல்வதைவிடவும் உங்களுக்கு அந்த ஊர் விலை அதிகம். எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்கிற ஆள் என்றால் குறைவு.

நம்பியோ (Numbeo) மாதிரியான விலைவாசி ஒப்பீட்டு இணையதளங்களில் நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அளந்திருப்பார்கள். அங்கே விலைகளைப் போடுவது பொதுமக்கள். பெரிய ஊர்களுக்கு நிறையப் பேர் போட்டிருப்பார்கள், சின்ன ஊருக்கு ஏழெட்டுப் பேர் எப்போதோ போட்டதாக இருக்கும். பக்கத்தின் கீழே எத்தனை பேர், கடைசியாக எப்போது என்று இருக்கும், அதைப் பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

நான் சொல்கிற வழி கொஞ்சம் வேலை பிடிக்கும், ஒரு வாரம் ஆகும். உங்கள் வீட்டில் போன மாதம் வாங்கியவற்றில் இருபது இருபத்தைந்து பொருளை எழுதிக்கொண்டு, போகப்போகிற ஊரில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டின் இணையதளத்தில் ஒவ்வொன்றாகத் தேடி விலையை எழுதுங்கள். பஸ், ரயில் மாதப் பாஸ் விலை அந்த ஊர்ப் போக்குவரத்துக் கழகத்தின் தளத்தில் இருக்கும். அமெரிக்காவுக்குப் போகிறீர்கள் என்றால் அலமாரியில் ஒட்டியிருக்கிற விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போதுதான் ஏறும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

விலையை மாற்று விகிதத்தில் மாற்றவே வேண்டாம். அதற்குப் பதிலாக, அதை வாங்க எத்தனை நிமிடம் வேலை செய்யவேண்டும் என்று பாருங்கள். கைக்கு வரும் மாதச் சம்பளத்தை மாத வேலை மணிநேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு எவ்வளவு என்று வரும். இங்கே ஒரு முடிவெட்டுக்கு எத்தனை நிமிட உழைப்பு, அங்கே எத்தனை? ஒரு மாதச் சாமானுக்கு எத்தனை நாள், வாடகைக்கு எத்தனை நாள்? இரண்டு பத்தியையும் இப்படி நிரப்பிப் பார்த்தால் படம் தானாகத் தெளிந்துவிடும். சாமானும் துணியும் மின்சாதனங்களும் அங்கே மலிவாகத் தெரியும், வாடகையும் பராமரிப்பும் கனமாகத் தெரியும்.

வாடகை, இதில் மட்டும் இரண்டு நாள் உட்காருங்கள்

விளம்பரத்தில் பார்க்கிற வாடகை நீங்கள் கொடுக்கப்போகிற வாடகை இல்லை. ஜெர்மனியில் குளிர் வாடகை, சூடான வாடகை என்றே இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்கள் மொழியில் கால்ட்மீட்டே, வார்ம்மீட்டே. குளிர் வாடகை என்பது வெறும் சுவருக்கு. ஹீட்டிங், தண்ணீர், குப்பை, மாடிப்படி கூட்டுவது எல்லாம் சேர்ந்தால்தான் சூடான வாடகை. அதிலும் மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் சேராது. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகை வரைக்கும் கேட்கலாம் என்று சட்டம். சாவி வாங்கி உள்ளே போனால் சமையலறையில் குழாயும் சுவரும் மட்டும் இருந்த வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன், அடுப்பும் அலமாரியும் முன்னால் இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருந்தார், அங்கே அது சாதாரணம். குடியேறியபின் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லை என்றாலும் கட்ட வேண்டும்.

பிரிட்டனில் வாடகைக்கு மேல் கவுன்சில் டாக்ஸ் என்று ஓர் உள்ளாட்சி வரி, குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும், ஊருக்கு ஊர் வேறு. ஜப்பானில் திரும்பியே வராத சாவிப் பணம் என்று ஒரு வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

வீட்டு விளம்பரத் தளங்களில் ஒரு வாரத்துக்குத் தினமும் போய், உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வருகிற இருபது வீடுகளை எழுதுங்கள். மலிவானதை எடுக்காதீர்கள், நடுவில் இருப்பதை எடுங்கள். புதிதாக வந்தவருக்கு உள்ளூர் வாடகை வரலாறு இருக்காது, சம்பளச் சீட்டும் இருக்காது, அதனால் மலிவான வீடு முதலில் கிடைக்காது.

உடம்பு, குழந்தை, துணையின் வேலை

மருத்துவச் செலவு நாட்டுக்கு நாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ஜெர்மனியில் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், அரசுக் காப்பீட்டில் வருமானம் இல்லாத துணையும் குழந்தைகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துகொள்வார்கள். சுவிட்சர்லாந்தில் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள், அதனால் சம்பளச் சீட்டு அழகாக இருக்கும். வந்த மூன்று மாதத்துக்குள் வீட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் காப்பீடு எடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் நிறுவனம் தருகிற காப்பீட்டில் உங்கள் பங்கு எவ்வளவு, காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் உங்கள் கையிலிருந்து போகவேண்டிய தொகை எவ்வளவு என்று இரண்டையும் கேட்க வேண்டும். பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணத்தை விசா விண்ணப்பத்தோடேயே முழு விசாக் காலத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்: 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு வருடம் 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழ் 776. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஐந்து வருட விசா என்றால் கூட்டிப் பாருங்கள், 18,110 பவுண்டு, விமானம் ஏறும் முன்னாலேயே. மருத்துவப் பணியாளர் விசாவில் போகிறவர்களுக்கு இது இல்லை. சில நிறுவனங்கள் கட்டிக்கொடுக்கும். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

துணையின் வேலைதான் பெரும்பாலானவர்கள் கணக்கில் விடுபட்டுப்போகிற பெரிய தொகை. இருவரும் சம்பாதிக்கிற வீட்டில் ஒருவருக்கு ஆஃபர் வந்தால், இடப்பக்கம் இரண்டு சம்பளம், வலப்பக்கம் ஒன்று. அந்த விசாவில் துணை வேலை பார்க்க அனுமதி உண்டா, அவருடைய படிப்பை அங்கே அங்கீகரிக்க எவ்வளவு காலம் ஆகும், மொழி வேண்டுமா? செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர் போன்ற வேலைகளில் இது வருடக் கணக்கில் போகலாம். இது பணத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. பத்து வருடம் வேலை பார்த்த ஒருவரை அந்நிய ஊரில் வீட்டுக்குள் உட்காரவைக்கிறோமா என்று இருவரும் பேசிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள். இதை நான் ரொம்பக் கவலையோடு சொல்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

நாணயம் வேண்டாம். இப்போது கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். செலவு 70, மிச்சம் 30. அந்த 70ல், நீங்கள் போனாலும் இங்கே ஓடப்போவது 30.

ஆஃபரை மாற்று விகிதத்தில் பார்த்தால் 400 வருகிறது. "உனக்கென்னப்பா, நாலு மடங்கு!" என்று சொல்வார்கள்.

பிடித்தம் 35 விழுக்காடு என்றால் கைக்கு 260. எல்லாம் சேர்ந்த வாடகை 95, சாமான் 45, போக்குவரத்து 12, போன் இன்டர்நெட் 6, துணிமணி, மருந்து, மற்றவை 27. மொத்தம் 185. மிச்சம் 75. வட்டம் போட்டு வைத்திருந்த 30ஐ ஊருக்கு அனுப்ப வேண்டும், மீதி 45. வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்துபோக 72 என்றால் மாதத்துக்கு 6, மீதி 39. பணம் அனுப்பும் செலவு 3 விழுக்காடு என்று வைத்தால், 30ம் 39ம் சேர்த்து அனுப்புகிற 69க்கு 2. கடைசியில் நிற்பது 37.

நாலு மடங்கு சம்பளத்தில் 30 என்கிற மிச்சம் 37 ஆகியிருக்கிறது.

இப்போது நுழைவுச் செலவு. விசா, டிக்கெட், சான்றிதழ் மொழிபெயர்ப்பு, முதல் சில வாரத் தங்கல், கட்டில் மெத்தை பாத்திரம், குளிர் நாடு என்றால் உடுப்பு, இதெல்லாம் திரும்பி வராத பணம், 200 என்று வைப்போம். வாடகை முன்பணம் திரும்பி வரும் என்பதால் இதில் சேர்க்கவில்லை, ஆனால் முதல் நாளே கையில் இருக்க வேண்டும். மாதம் 7 கூடுதலாக மிச்சமாகிறது, 200ஐ 7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 29 மாதம். இரண்டரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, போட்ட பணத்தை எடுக்கவே ஆகும். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு என்றால் நஷ்டம்.

அதே ஆள் வீட்டைப் பகிர்ந்துகொண்டு 95க்குப் பதில் 50 வாடகையில் இருந்தால்? மாத மிச்சம் 37லிருந்து 81 பக்கம் போய்விடும், நுழைவுச் செலவு நாலு மாதத்தில் திரும்பிவிடும். வாடகை என்கிற இந்த ஒரு செலவுதான் முழுக் கணக்கையும் புரட்டிப்போடுகிறது. வாடகையில் இரண்டு நாள் உட்காருங்கள் என்று சொன்னது இதனால்தான். தனியாகப் போகிற இளைஞருக்கும் குடும்பத்தோடு போகிறவருக்கும் ஒரே ஆஃபர் ஒரே அர்த்தம் தராது என்பதும் இதனால்தான். ஏற்கெனவே அங்கே இருக்கிற நண்பர் "நல்லா மிச்சம் பிடிக்கலாம்" என்று சொன்னால், அவர் எத்தனை பேரோடு தங்கியிருக்கிறார் என்று கேளுங்கள்.

இந்த 37 மட்டும் வைத்து முடிவெடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேலை அனுபவம், சம்பளம் ஏறுகிற வேகம், அங்கே ஓய்வூதியத்தில் சேர்கிற பணம், சுத்தமான காற்று, குழந்தையின் பள்ளிக்கூடம், பெற்றோரை விட்டு விலகி இருப்பது, இதெல்லாம் கணக்குக்கு வெளியே இருக்கிற பெரிய விஷயங்கள். அவற்றுக்காக மாதம் 7 குறைந்தாலும் போகலாம். எதற்காகப் போகிறோம் என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

கணக்கைத் திருப்பிப் போட்டுச் சம்பளம் கேளுங்கள்

மாதம் 60 மிச்சம் வேண்டும் என்று நினைத்தால், அங்கத்திய செலவு 185, ஊருக்கு 30, பயணத்துக்கு 6, மிச்சம் 60, அனுப்பும் செலவு 3. மொத்தம் 284. பிடித்தம் 35 விழுக்காடு என்பதால் 284ஐ 0.65ஆல் வகுங்கள்: 437. சம்பளம் ஏற ஏற வரி விழுக்காடும் ஏறும் நாடுகளில் இன்னும் கொஞ்சம் கூட்டி, 445 என்று கேட்கலாம். "கொஞ்சம் ஏற்றித் தரமுடியுமா" என்று கேட்பதைவிட இப்படி ஒரு எண்ணோடு கேட்பது எவ்வளவோ மேல். சம்பளம் ஏற்ற முடியாது என்றால் விசாச் செலவு, டிக்கெட், முதல் மாதத் தங்கல் ஆகியவற்றைக் கேளுங்கள். சம்பள வரம்பில் கை வைக்க முடியாத ஹெச்.ஆர். கூட இதற்குப் பல நேரம் ஒப்புக்கொள்வார்.

பணம் அனுப்புவதும் இரண்டாம் வருடமும்

"கட்டணம் இல்லை" என்று போட்டிருந்தாலும் அவர்கள் தருகிற விகிதத்தைப் பாருங்கள், சந்தை விகிதத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் கட்டணம். 2030க்குள் இந்தச் செலவு 3 விழுக்காட்டுக்குக் கீழே வரவேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு; உலக வங்கியின் கணக்குப்படி 200 டாலர் அனுப்பச் சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் ஆகிவந்திருக்கிறது. அதே தொகையை இரண்டு மூன்று சேவைகளில் போட்டு, ஊரில் கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

மாற்று விகிதம் அப்படியே நிற்காது. அமீரக திர்ஹாம் 1997லிருந்து டாலருக்கு 3.6725, சவுதி ரியால் 1986லிருந்து 3.75 என்று கட்டிவைக்கப்பட்டவை, அதனால் அங்கே டாலர் போகிற போக்கில் உங்கள் சம்பளமும் போகும். யூரோ, பவுண்டு, யென் எல்லாம் தன் போக்கில் ஏறி இறங்கும். வலப்பக்கத்து மிச்சத்தைப் பத்து விழுக்காடு குறைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்போதும் கடன் தவணை கட்ட முடிகிறதா? முடியாவிட்டால் ஊரில் கடன் வாங்கிக்கொண்டு கிளம்புவது ஆபத்து.

ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே குடியிருப்பு வரி முந்தைய வருட வருமானத்தை வைத்து, ஜூன் மாதத்திலிருந்து பிடிப்பார்கள், வரிக்குரிய வருமானத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு. புதிதாகப் போனவருக்கு முந்தைய வருடம் அந்த நாட்டில் வருமானமே இல்லை என்பதால் முதலில் எதுவும் பிடிக்க மாட்டார்கள். அந்தச் சம்பளத்துக்குப் பழகி வீடு பிடித்து, தவணை போட்டு உட்கார்ந்த பிறகு, இரண்டாம் வருட ஜூனில் சம்பளம் திடீரென்று குறையும். என் நண்பர் ஒருவர் அந்த மாதச் சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இது தப்பாத்தானே வந்திருக்கு?" என்று கேட்டார். சரியாகத்தான் வந்திருந்தது. மாசா மாசம் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால் அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்காது.

அங்கே போய்ச் சேர்ந்து மூன்றாவது சம்பளச் சீட்டு வந்ததும் வலப்பக்கத்தை உண்மையான எண்களால் ஒரு தடவை நிரப்புங்கள். என்னுடையதில் சாமான் செலவு நினைத்ததைவிடக் குறைவாக வந்தது, ஹீட்டிங் அதிகமாக வந்தது, போக்குவரத்து மட்டும்தான் எழுதியபடியே இருந்தது. எந்தச் செலவு அதிகமாக வருகிறதோ அதை முதல் வீட்டு ஒப்பந்தம் முடிவதற்குள் சரிசெய்ய முடியும், அதற்கப்புறம் அதே செலவு பழக்கமாகிவிடும்.